கஷாயத்துக்கும் கணக்கு வேண்டும்

மத்திய ஆயுஷ் அமைச்சருக்கும் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து வணக்கம்.

எங்கள் பக்கம் நாட்டு மருந்துக் கடைப் படி ஏறாத வீடு குறைவு. சர்க்கரைக்கு ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சான் பொடியும், மூட்டுவலிக்கு முடக்கத்தான், காய்ச்சல் பரவினால் நிலவேம்பு. கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீர் அடுப்பிலேயே இருந்தது. நானும் குடித்தவள்தான். ஒவ்வொன்றும் எந்த நோய்க்கு, எந்த அளவில் கேட்கும், யாருக்கு ஆகாது என்பதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

“நம் வைத்தியம் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றுவது, இங்கிலீஷ் மருந்துக்கு வைக்கிற சோதனை இதற்குப் பொருந்தாது” என்ற பேச்சைப் பல மேடைகளில் கேட்டாயிற்று. பொருந்தும் என்று காட்டிய ஊரே கோயம்புத்தூர்தான். இங்குள்ள ஆயுர்வேத டிரஸ்டின் ஆய்வு நிலையமும், அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் டேனியல் ஃபர்ஸ்ட்டும் சேர்ந்து முடக்குவாதத்துக்கு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் தந்தது. 43 நோயாளிகள், 36 வாரம். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற இங்கிலீஷ் மருந்து, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். யாருக்கு எது நிஜ மருந்து, எது அதைப்போலவே செய்த வெற்று மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, மூட்டைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஆயுர்வேத வைத்தியர் தம் சாஸ்திரப்படி ஆளைப் பார்த்தே மருந்து கொடுத்தார். வைத்திய முறையும் கெடவில்லை, சோதனை முறையும் கெடவில்லை. 2011இல் முடிவு வெளியானது: மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்.

இதை வைத்து ஆயுர்வேதம் ஜெயித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை; செய்தவர்களே அதை முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். ஆனால் வழி இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. வழி தெரிந்த பிறகும் சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது. மருந்து விதிகளில் 2010இல் சேர்த்த 158பி விதிப்படி, அங்கீகரித்த பழைய நூலில் உள்ள மருந்தை அந்த நூல் சொன்ன நோய்க்கே விற்பதென்றால் புதிதாகப் பாதுகாப்புச் சோதனை காட்ட வேண்டியதில்லை. பொய் விளம்பரத்தைத் தடுக்க 2018இல் கொண்டுவந்த 170ஆம் விதியையும் 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே நீக்கி அறிவித்தது.

“பாட்டன் காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?” என்பார்கள். இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். தின்ற அன்றே வாந்தி எடுக்க வைக்கும் செடியைப் பாட்டன் கண்டுகொண்டார். பத்து வருடம் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுப்பதை அவர் எப்படிக் கண்டுகொள்வார்? எங்கள் கரிசல் காடுகளில் தானாக முளைக்கிற ஆடுதின்னாப்பாளை பூச்சிக்கும் தோல் நோய்க்கும் கொடுத்துவந்த மூலிகை. அதன் இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி மாறி வந்திருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை வைத்திருக்கிறது.

சீந்தில் விஷயத்திலும் இதே குழப்பம்தான். கொரோனாவுக்குப் பயந்து சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் கெட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த வருடம் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. அது சீந்திலாக இராது, அதே சாயலுள்ள வேறு கொடியாக இருக்கும் என்றது ஆயுஷ் அமைச்சகம். அப்படியே வைத்துக்கொள்வோம். கடையில் நான் வாங்குகிற பொட்டலத்தில் எந்தக் கொடி இருக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

செடி எது என்பதோடு அளவு எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு போடும் விவசாயிகளைக் கேளுங்கள். கிழங்கு உயிரை எடுக்கக்கூடியது. அதே செடியின் விதையிலிருந்து எடுக்கிற கோல்ச்சிசின், அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கீல்வாத வலியைத் தணிக்கிறது. அளவு கண்டுபிடித்ததால் விஷம் மருந்தாயிற்று. எங்கள் மண்ணில் விளைவதற்கு வேறெங்கோ அளவு குறிக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ள இந்த ஊரில் அந்த வேலை நடக்கக் கூடாதா?

அரசு மருத்துவமனைச் சீட்டில் “என்ன கஷாயம், என்ன பொடி சாப்பிடுகிறீர்கள்?” என்று ஒரு வரி சேருங்கள். மெட்ஃபார்மினோடு சிறுகுறிஞ்சானும் சாப்பிட்டு, சர்க்கரை இறங்கி மயங்கி விழுபவரிடம் அதைக் கேட்க ஆள் வேண்டும். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யத் திட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறங்கி வரட்டும். மூலிகைப் பொடிகளைக் கடையிலிருந்தே எடுத்து, செடி சரியா, ஈயமும் பாதரசமும் கலந்திருக்கிறதா என்று பார்த்து, முடிவைப் பெயரோடு வெளியிடுங்கள்.

மழைக்காலம் தொடங்கி டெங்கு ஏறினால் மறுபடியும் நிலவேம்பு ஊற்றிக் கொடுப்பீர்கள். 2017இல் கமல்ஹாசன் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆய்வுக்கூடத்தில் வைரஸை அடக்குவது ஒன்று, காய்ச்சல்காரருக்குத் தட்டணுக்கள் இறங்காமல் காப்பது வேறு. அந்தச் சண்டை தீர வேண்டுமென்றால் இந்த முறை நிலவேம்பு கொடுக்கும் மருத்துவமனைகளிலேயே, நோயாளிகளின் சம்மதத்தோடு, வெற்று மருந்தையும் பக்கத்தில் வைத்து முறையாக எண்ணுங்கள். வழக்கமான டெங்கு சிகிச்சை எல்லோருக்கும் குறையாமல் நடக்கட்டும். ஆய்வைத் தொடங்கும் முன்பே திட்டத்தைப் பொதுவில் பதிவு செய்யுங்கள். முடிவு எப்படி வந்தாலும் தமிழில் அச்சிட்டு, கஷாயம் ஊற்றும் மேசையிலேயே ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
போத்தனூர்க் குடிமகள் ஒருத்தி