ஒட்டுவதற்கு முன் விரிசலைப் படியுங்கள்

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எங்கள் பள்ளி ரோபோட்டிக்ஸ் மன்றத்து மாணவர் ஒருவர் தம் டிரோனை அறிவியல் கூடத்துக்கு எடுத்து வந்தார். மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய டிரோன். வெள்ளை பிளாஸ்டிக் ஓடு, நான்கு கைகள், எடை ஏறத்தாழ 1.2 கிலோ. சிராங்கூன் சாலையின் ஒளியூட்டை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூட்டத்துக்கு மேல் டிரோன் பறக்கவிடக்கூடாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கையில் புலிப்படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றைக் கவனித்தேன். மற்ற மூன்று கைகளிலும் அது இல்லை. உரித்துப் பார்த்தேன். மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகின் துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை போன்ற விரிசல்.

“சூப்பர் க்ளூ போட்டாச்சு டீச்சர், ஒண்ணும் ஆகாது” என்றார்.

அந்த “ஒண்ணும் ஆகாது” என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. உங்களில் பலர் வீட்டிலும் ஒரு டிரோன் இருக்கலாம். விரிசல் விழுந்தால் இரண்டில் ஒன்றைச் செய்கிறீர்கள்: பசை தடவி மறந்துவிடுகிறீர்கள், அல்லது புதிய ஓடு வாங்கிப் பழையதைக் குப்பையில் போடுகிறீர்கள். இரண்டிலும் விரிசல் ஏன் வந்தது என்ற கேள்வி காணாமல் போகிறது. கேள்வி காணாமல் போனால், புதிய ஓட்டிலும் அதே இடத்தில் அதே விரிசல் வரும்.

இது அந்த மாணவரின் டிரோனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013இல் ஃபேண்டம் வகை டிரோன்கள் சந்தைக்கு வந்து பலர் கைக்குப் போன பிறகு, மோட்டார் திருகுகளைச் சுற்றி இப்படிப்பட்ட மயிரிழை விரிசல்களைப் பல நாடுகளில் உரிமையாளர்கள் கண்டார்கள். எங்கும் மோதாத, கீழே விழாத டிரோன்களிலும் அவை இருந்தன. மோதாமலே பிளாஸ்டிக் எப்படி விரியும்?

தேக்காவில் ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் விரலால் எளிதாகக் கிழித்துவிடலாம். வெட்டு இல்லாத பக்கத்தில் பல்லால் கடித்தாலும் வராது. உறை ஒன்றுதான், விசையும் ஒன்றுதான். வெட்டின் கூர்முனையில் விசை குவிவதுதான் வேறுபாடு. உங்கள் ஆங்கிலப் பாடநூல் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைத் தமிழில் தகைவு என்போம். 1913இல் சார்லஸ் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இந்தக் குவிதலைக் கணக்கிட்டுக் காட்டினார். சாதாரண வட்டத் துளையின் ஓரத்திலேயே தகைவு மூன்று மடங்கு ஆகிறது. துளை நீண்டு கூர்மையாக ஆக, அது ஏறிக்கொண்டே போகும்.

கணக்கு எளிது. விரிசலின் நீளத்தை அதன் முனையின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். நம் விரிசல் 10 மில்லிமீட்டர். முனையின் ஆரம் 0.01 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 64. அதாவது, கையின் மற்ற பகுதி தாங்கும் தகைவைப்போல் 64 மடங்கை அந்த நுனி தாங்க வேண்டும். தோராயக் கணக்குதான், ஆனாலும் பயமுறுத்தப் போதுமானது.

சிங்கப்பூருக்கு இதில் ஒரு பழைய துயரம் உண்டு. 1954 ஜனவரியில், லண்டனுக்குச் செல்லும் பிஓஏசி 781 என்ற காமெட் ஜெட் விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது. அப்போது நம் விமான நிலையம் காலாங்கில் இருந்தது. வழியில் பல ஊர்களில் நின்று, ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து எழும்பிய சிறிது நேரத்தில், இத்தாலியின் எல்பா தீவருகே அது வானிலேயே உடைந்தது. 35 பேர் இறந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். அது உண்மையில் பறந்ததையும் சேர்த்து, சுமார் 3,000 முறைக்குப் பின் ஒரு சன்னல் மூலையில் தொடங்கிக் கிழிந்தது. சதுர சன்னல்தான் காரணம் என்று பல காணொளிகள் சுருக்கிச் சொல்லும். விழுந்த விமானத்தில் கிழிசல் தொடங்கியது பயணிகளின் சன்னலில் அன்று. கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். அங்கே ஆணித்துளைகளும் இருந்தன. நம் டிரோனிலும் துளை, மூலை, திருகு. அதே மூன்றும்.

“அது 3,000 முறை, என் டிரோன் இருபது முறைதானே பறந்தது” என்று நீங்கள் கேட்கலாம். விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100. அது சற்றே சமநிலை தவறியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மோட்டார் கையை ஒருமுறை உலுக்கும். 15 நிமிடப் பறத்தலில் 90,000 உலுக்கல்கள். ஓரத்தில் சிறு கீறல் விழுந்த விசிறியை “இன்னும் ஓடுதே” என்று வைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகைவைக் கண்ணால் பார்க்கலாம். கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவையுங்கள். அது எல்சிடி திரையாக இருக்க வேண்டும். அதன் முன்னால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலையோ பழைய சிடி பெட்டியையோ பிடித்துக்கொண்டு, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். துளையைச் சுற்றியும் மூலைகளிலும் வானவில் வரிகள் தெரியும். நீங்கள் வளைக்கவே இல்லை. வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் அழுத்தி ஊற்றியபோது சமமாகக் குளிராமல் உள்ளே உறைந்துபோன தகைவு அது. உங்கள் டிரோனின் வெள்ளை ஓட்டுக்குள்ளும் இது உண்டு. அது வெள்ளையாக இருப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆக, பெட்டியிலிருந்து வரும்போதே ஓடு கொஞ்சம் இழுபட்டுத்தான் இருக்கிறது. அதன்மேல் நாம் திருகை இறுக்குகிறோம். நன்றாக இறுக்கினால் வலிமை என்று நினைக்கிறோம். உலோகத்துக்கு அது ஓரளவு சரி, பிளாஸ்டிக்குக்குத் தவறு. திருப்புளியை உள்ளங்கையால் பிடிக்காதீர்கள். இரண்டு விரலால் பிடித்து, திருகு நின்றதும் நிறுத்துங்கள். கூம்புத் தலைத் திருகைப் போடவே போடாதீர்கள், அது ஆப்புபோல் துளையை அகட்டும். தட்டையான தலையுள்ள திருகும் அதன் கீழே ஒரு வாஷரும் போதும். சிம் லிம் டவரிலோ ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளிலோ இந்தச் சில்லறைச் சாமான்கள் கிடைக்கும்.

அடுத்தது, பலர் அறியாத எதிரி. திருகு கழன்றுவிடாமல் இருக்க லாக்டைட் போன்ற பூட்டுத் திரவத்தை ஒரு சொட்டு விடுவார்கள். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு அது நல்லது. ஆனால் வழிந்து ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கில் பட்டால், இழுபட்டிருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்தும். தகைவும் வேதிப்பொருளும் தனித்தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்துவிடும். கொசு விரட்டியும் அப்படித்தான். டெங்கிக்குப் பயந்து கையில் தடவிக்கொண்டு, அதே கையால் டிரோனைத் தூக்குகிறோம். அதிலுள்ள டீட் என்ற பொருள் பல பிளாஸ்டிக்குகளைத் தாக்கும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். இதைப் போலவே ஒன்றைப் பார்க்க, ஊதிய பலூனின் அருகே ஆரஞ்சுத் தோலைப் பிழியுங்கள். அங்கே ரப்பர், இங்கே பிளாஸ்டிக். இழுபட்ட பொருளுக்கு எண்ணெய் செய்யும் துரோகம் ஒன்றே. காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

சரி, விரிசல் வந்துவிட்டது. எப்படிப் பழுதுபார்ப்பது? முதலில் திருகுகளைக் கழற்றுங்கள். இழுபட்ட நிலையில் ஒட்டினால் ஒட்டும் இழுபடும். பிறகு, விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 1.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். விரிசலை நிறுத்த ஓட்டை போடுவதா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். மேலே சொன்ன கணக்கில் ஆரத்தை 0.75 என்று மாற்றிப் பாருங்கள். 64 இருந்த இடத்தில் ஏறத்தாழ 8 வரும். விமானப் பழுதுபார்ப்பிலும் உள்ள பழைய வித்தை இது. நுனி எது என்பதில்தான் ஏமாந்துபோவோம். கண்ணுக்குத் தெரியும் முடிவுக்கு அப்பாலும் விரிசல் கொஞ்சம் போயிருக்கும். உருப்பெருக்கியும் சாய்வான வெளிச்சமும் வேண்டும்.

அதற்குப் பின் பசை. ஓட்டின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கின் பெயர் அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி விரிசலில் தடவலாம். சங்கிலிகள் இருபுறமும் கலந்து, அசிட்டோன் ஆவியானதும் ஒன்றாகிவிடும். ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். பாலிகார்பனேட் என்றால் அசிட்டோனை அருகில் கொண்டுவராதீர்கள், வெளுத்து நொறுங்கும். அங்கே உட்புறத்தில் கண்ணாடியிழைத் துணியும் எபாக்சியும்தான் வழி. சூப்பர் க்ளூ இறுகினால் கண்ணாடிபோல் ஆகிவிடும், அதிர்வைத் தாங்காது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். வீட்டு அறையில் வேண்டாம், காற்றோட்டமுள்ள கூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யுங்கள்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்தபின் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. விரிசல் மோட்டார் பிடிக்கும் இடத்தில் என்றால், எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் அந்த ஓட்டைப் பறக்கவிடாதீர்கள். கேமரா மூடி, பேட்டரிக் கதவு, கால் ஆகியவற்றை ஒட்டிப் பயன்படுத்துங்கள், மகிழ்ச்சி. நான்கு விசிறி டிரோனில் ஒரு மோட்டார் பிய்ந்துபோனால் மற்ற மூன்றும் காப்பாற்றாது. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுவோருக்குத் தனி அனுமதியின்றி உள்ள உயர எல்லை 200 அடி, ஏறத்தாழ 60 மீட்டர். அங்கிருந்து விழும் 1.2 கிலோவின் ஆற்றல் 700 ஜூல். காற்றுத் தடையை விட்டுவிட்டால், தரையை எட்டும்போது வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். இந்த ஊரில் 60 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.

2019 ஜூனில் சாங்கி விமான நிலையத்தருகே டிரோன்கள் பறந்து விமானங்கள் தாமதமானபோது, எங்கே பறக்கலாம் என்று நாடே பேசியது. 2020 தொடக்கத்திலிருந்து 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைப் பதிவு செய்து ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். இரண்டும் தேவைதான். ஆனால் திருகின் அருகே விரிசல் இருக்கிறதா என்று அந்தச் சீட்டு கேட்காது. அதைக் கேட்கக்கூடியவர் டிரோனைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் நான்கு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

அந்த மாணவர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு புதிய ஓட்டுக்காகக் காசு சேர்க்கத் தொடங்கினார். பழைய ஓட்டைக் கூடத்தில் வைத்திருக்கிறோம். ஒரு கையில் மட்டும் திருகுகளை இறுக்கியே விட்டு, விரிசலின் நுனியில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதினார். எதிர்க் கையில் திருகு இல்லை. டிரோன் பறக்கவில்லை, யாரும் தொடுவதுமில்லை. சென்ற வெள்ளிக்கிழமை அளந்தபோது, திருகு உள்ள கையில் விரிசல் கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் போயிருந்தது. புதிய கோடு போட்டுவிட்டு, “டீச்சர், அடுத்த வாரமும் அளக்கலாமா?” என்றார்.