பேசாமலே விட்டுவிட்டோம்

2023 மார்ச் முதல் வாரம். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு காரணத்துக்காக நடந்த வன்முறைகளை எடுத்து இந்தக் கதையை ஒட்டியிருந்தார்கள். மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்கு ஊர் போக ரயில் நிலையங்களில் திரண்டவர்களையும் உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் என்றார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. செய்தி பொய் என்று உறுதியானது, பரப்பியவர்கள் மீது வழக்குகளும் பதிவாயின.

நம் பெயர் தப்பியது என்று அத்தோடு நாம் ஓய்ந்துவிட்டோம். திருப்பூரில் வருடக்கணக்காக நம் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, போனில் வந்த வீடியோவை நம்பினாரே தவிர, நம்மிடம் வந்து விசாரிக்கவில்லை. ஏன் என்று நாம் யோசிக்கவே இல்லை. விசாரிக்கும் அளவுக்கு நாம் அவரோடு பழகியிருக்கவில்லை. வதந்தியைக் கிளப்பியவர்கள் வேறு யாரோ. அது வேர்பிடிக்க இடம் விட்டது நாம்.

வந்தவர்கள் எல்லாரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே கணக்கில் சேர்த்தோம். அவர்களில் ஒடியா பேசுகிறவர் உண்டு, வங்காளி உண்டு, அசாமியர் உண்டு, ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி பேசும் பழங்குடியினரும் உண்டு. பாதுகாப்பு விதிகளை இந்தியில் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியதோடு கடமை முடிந்தது என்றிருந்தோம். மெஷினை எப்படி நிறுத்துவது என்று சூப்பர்வைசர் தமிழில் சொல்வார். பையன் தலையாட்டுவான். புரிந்துவிட்டது என்று இவர் நகர்வார். புரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில்கூடப் பையன் தலையாட்டியிருக்கலாம். ஒரு முறை செய்து காட்டச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

சம்பளத்திலும் இதே கதைதான். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிஃப்ட். நமக்கு இது பழகிய கணக்கு. புதிதாக வந்தவருக்கு ஷிஃப்ட் என்றால் என்ன, எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று உட்கார்ந்து விளக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? விளக்கும் வேலையைக் காண்ட்ராக்டரிடம் விட்டோம். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் தொழிலாளியின் குரல் உயர்ந்தால், 'இவங்களே இப்படித்தான்' என்று தீர்ப்பு எழுதினோம்.

தமிழ் படிக்க வேண்டியது அவர்கள்தானே என்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவர் எங்கே, எப்போது படிப்பார்? வார விடுமுறையில் ஒரு மணி நேரமாவது அவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தர எத்தனை தெருவில் ஏற்பாடு செய்தோம்? நம் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கும் அவர்கள் பிள்ளைதான் ஆஸ்பத்திரியில் அம்மாவின் நோயை டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையிடம் சொல்லக் கூசும் நோயை அந்தத் தாய் யாரிடம் சொல்வாள்?

இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை. 1938-லும் 1965-லும் அதற்காகச் சிறை போனோம். அந்தப் போராட்டம் அதிகாரத்துக்கு எதிரானது. பிழைக்க வந்தவரோடு பேசாமல் இருப்பதற்கு அதைக் காரணமாகக் காட்டினோமே, அது தவறு. இலங்கை மலையகத்துக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போனவர்கள் நம்மவர்கள். 1960-களின் பம்பாயில், வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்று தென்னிந்தியர்களைத் துரத்தியபோது அடிபட்டவர்களிலும் நம்மவர்கள் உண்டு. பிழைக்கப் போன இடத்தில் அந்நியராக நிற்பதன் வலி மற்ற யாரையும்விட நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே கூலிக் கணக்கை அவரவர் மொழியில் எழுதிக் கொடுப்போம். மெஷினை இயக்கவும் நிறுத்தவும் செய்து காட்டச் சொல்லி, பார்த்த பிறகே வேலைக்கு விடுவோம். ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்போம். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்கள் சத் பூஜைக்குத் தண்ணீரில் இறங்கி நிற்கும்போது, அருகில் போய் என்ன விசேஷம் என்று விசாரிப்போம். இவ்வளவு காலம் இதைச் செய்யாமல் இருந்ததற்கு நம்மிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை.