இறால் குஞ்சும் இறந்த மூவரும்

விமானம் விழுந்தது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர் பயணம் செய்தார்கள்?" என்பது. பயணிகள் எவருமில்லை, சரக்கு விமானந்தான் என்று பதில் வந்துவிட்டால், கேட்டவரின் நெஞ்சு ஆறிவிடுகிறது. "அப்பாடா!" என்று மூச்சு விடுகிறார். அந்த "அப்பாடா"வைப் பற்றித்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

2025 நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் லூயிவில் நகரில், யூ.பி.எஸ். நிறுவனத்தின் எம்.டி.11 சரக்கு விமானம் தரையை விட்டு எழும்போதே இடப்பக்க எஞ்சின் இறக்கையை விட்டுக் கழன்றது. விமானம் தீப்பிழம்பாக ஊருக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும், தரையில் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேருக்கு மேலும் மாண்டனர். அந்த விமானத்துக்கு வயது 34. முதலில் பயணிகளைச் சுமந்தது. பிறகு மூட்டை சுமக்க மாற்றப்பட்டது. ஊருக்குள் விழுந்தது, ஆகவே உலகம் பார்த்தது, படம் எடுத்தது, பதைத்தது.

கடலில் விழுந்திருந்தால்? கடல் மூடிக்கொள்ளும். இரண்டு நாளில் ஏடுகளும் மூடிக்கொள்ளும்!

நம் கரையைத் தழுவும் அதே வங்கக் கடலில், வங்கதேசத்துக் காக்ஸ் பஜாரில், 2016 மார்ச் 9ஆம் நாள் காலையில் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ட்ரூ ஏவியேஷன் என்னும் நிறுவனத்தின் ஆன்டனோவ் 26 வகை விமானம் ஒன்று, காலை 9 மணிக்குச் சற்று முன்னர் அங்கிருந்து கிளம்பிற்று. போகவேண்டிய ஊர் ஜெசோர். உள்ளே இருந்தவர் நால்வர், அயல்நாட்டு விமானிகள். ஏற்றியிருந்த சரக்கு என்ன தெரியுமோ? தங்கமல்ல, தளவாடமல்ல, உயிர் காக்கும் மருந்துமல்ல. இறால் குஞ்சு!

சிரிக்கவேண்டாம், இதில் பெரிய பொருளாதாரம் இருக்கிறது. காக்ஸ் பஜார் கரையோரத்துப் பொரிப்பகங்களில் இறால் குஞ்சு பொரிகிறது. அதை வளர்க்கும் குட்டைகளோ நாட்டின் மறுகோடியில், குல்னா, சாத்கிரா, பாகர்ஹாட் பக்கத்தில் இருக்கின்றன. நடுவே ஆறுகளும் கழிமுகங்களும் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அந்தக் குஞ்சுகளைத் தண்ணீரோடு பாலிதீன் பையில் இட்டு, ஆக்சிஜன் நிரப்பி, வாய் கட்டிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். பைக்குள் இருக்கும் காற்று தீருமுன் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் குஞ்சு சாகும். போட்ட பணம் போகும். ஆகவே சாலை வேண்டாம், வானமே வழி என்று வாணிகம் முடிவு கட்டியது. வளர்ந்த இறால் பனிக்கட்டியில் உறைந்து, கடல் கடந்து, சீமைச் சீமான்களின் தட்டுக்குப் போய்ச் சேருகிறது. அந்தத் தட்டின் ஓரத்தில் யாருடைய உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எந்தச் சீமானும் விசாரிப்பதில்லை.

ஆன்டனோவ் 26, சோவியத் நாட்டின் கீவ் நகரில் பிறந்த இனம். 1969இல் உற்பத்தி தொடங்கி 1986இல் நின்றது. அப்படியானால் 2016இல் பறந்த எந்த ஆன்டனோவ் 26க்கும் வயது 30க்குக் குறையாது. வயதான விமானம் என்பதாலேயே வீழும் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பேணினால் பறக்கும். ஆனால் பயணியை ஏற்றத் தயங்கும் முதுமையைப் பாரம் சுமக்க அனுப்ப எவரும் தயங்குவதில்லை. வண்டி மாட்டுக்கும் இதே விதிதானே!

அன்று காலையில் மூடாப்பாக இருந்தது. தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரியவில்லை. கிளம்பி இரண்டு நிமிடம். எஞ்சின் செயலிழந்தது, திரும்புகிறேன் என்று விமானி கோபுரத்துக்குச் சொன்னார். எந்தப் பக்கத்து எஞ்சின் என்று முதலில் சொல்லவில்லை; இடது என்று பிறகு தெரிவித்தார். இடப்புறமாகச் சுற்றி வரும்படி கோபுரம் சொன்னது. விமானமோ வலப்புறமாக, மிகத் தாழ்வாக வந்தது. இறங்க அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. தீயணைப்பு வண்டிகள் காத்து நின்றன. ஆனால் விமானம் இறங்கவில்லை! ஓடுதளத்தின் மேலே 400, 500 அடி உயரத்தில் கடந்து போயிற்று. மறுபடி சுற்றி வரும்படி கோபுரம் கூறியது. பதில் இல்லை. மீண்டும் மீண்டும் அழைத்தது. பதில் இல்லை. விமான நிலையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டரில், கடலில் விழுந்துவிட்டது என்ற செய்தி வேறு வழியாக வந்து சேர்ந்தது. நால்வரில் மூவர் மாண்டனர். வழிகாட்டுநர் ஒருவர் உயிர் தப்பினார்.

விசாரணை நடந்தது. அறிக்கை வந்தது. அதன் காரணப் பட்டியலை நாம் குறை சொல்லவில்லை. கணக்குச் சரியாகவே இருக்கிறது. ஓடுதளத்தில் ஓடும்போதே எஞ்சின் கெட்டதற்கு அடையாளம் தெரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும், நிறுத்தவில்லை. நிறுவனம் வகுத்த நடைமுறையைப் பின்பற்றவில்லை. 50 கடல் மைல் தொலைவில் சிட்டகாங் இருந்தது. மூடாப்பிலும் கருவியின் துணையோடு இறங்க அங்கே வசதி இருந்தது. அங்கே போயிருக்கலாம், போகவில்லை. மணிக்கு 290 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கவேண்டிய நிலையில் 225இல் பறந்தது. தாழப் பறந்துகொண்டே, செத்த எஞ்சின் இருந்த பக்கமாகவே திரும்பியது. வேகமும் இல்லை, உயரமும் இல்லை; இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்தது; விமானம் விழுந்தது.

எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலில் விமானி அறைக்கு வெளியே ஓர் ஆளாவது இருக்கிறாரா, தேடிப் பாருங்கள்! நிறுத்தவில்லை, பின்பற்றவில்லை, போகவில்லை—எல்லா வினைக்கும் எழுவாய் அந்த விமானிகளே. மாண்டவன் மறுத்துப் பேசமாட்டான் அல்லவா?

இதோ இன்னொரு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2001 பிப்ரவரி 27ஆம் நாள், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குத் தபால் மூட்டைகளோடு கிளம்பியது லோகன்ஏர் நிறுவனத்தின் ஷார்ட்ஸ் 360 விமானம். கிளம்பிய சற்று நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றன. ஃபோர்த் கழிமுகக் கடலில் விழுந்து விமானிகள் இருவரும் மாண்டனர். காரணம் என்ன? முந்திய நள்ளிரவு வந்து இறங்கிய விமானம், ஏறத்தாழ 17 மணி நேரம், பனிக்காற்றை எதிர்நோக்கி வெட்டவெளியில் நின்றது. எஞ்சினின் காற்று வாயில் பனி புகுந்து, சோதித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் எட்டாத மூலையில் படிந்தது. பறக்கும்போது பனித்தடுப்புச் சாதனத்தை, இரு எஞ்சினுக்கும் ஒரே நேரத்தில், விதிப்படியே இயக்கினார்கள். காற்றோட்டம் கெட்டது, எஞ்சின்கள் அணைந்தன.

அந்த வாயை அடைத்து வைக்க ஒரு மூடி போதும்! பிரிட்டிஷ் விசாரணைக் குழு அங்கேயே கையை வைத்தது. மூடி விமானத்தில் இல்லை. எடின்பரோ நிலையத்திலும் உடனே எடுக்கும்படி இல்லை. பனிக்காலத்தில் மூடவேண்டும் என்பதற்கு நிறுவனத்தில் ஒழுங்கான நடைமுறையும் இல்லை—இதைத்தான் அந்தக் குழு காரணங்களின் தலைமாட்டில் எழுதிற்று. இரு பொத்தானையும் ஒருசேர இயக்கும் விதியே தவறு, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு இயக்கியிருந்தால் ஓர் எஞ்சினாவது பிழைத்திருக்கும் என்றும் சுட்டிற்று. விமானி கைக்குப் பின்னால் இருந்த கையைத் தேடிற்று அந்த அறிக்கை.

வங்கதேசம் ஏழை நாடு, பிரிட்டன் பணக்கார நாடு, ஆகவே வேறுபாடு என்று சிலர் சொல்லக்கூடும். பணக்கார நாட்டின் பெருந்தன்மையையும் பார்த்துவிடுவோமே! 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே பயணி விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். இழந்த குடும்பங்கள் விடாது போராடின. விளைவாக, விமானிகளின் பணிநேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதி வந்தது. 2010இல் வெளியான வரைவில் சரக்கு விமானிகளும் இருந்தனர். 2011 டிசம்பரில் முடிவான விதியில் அவர்களைக் காணோம்! 2014 ஜனவரியில் விதி நடைமுறைக்கு வந்தபோது, அதே வானத்தில், அதே நள்ளிரவில் பறக்கும் சரக்கு விமானி மட்டும் வெளியே நின்றார். காரணம்? செலவு அதிகம், பயன் குறைவு என்று ஆணையம் கணக்குப் பார்த்ததாம். பயன் குறைவு என்பதன் பொருளை நாம் விளக்கவும் வேண்டுமோ? முதுகுக்குப் பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தால் விமானி தூங்கவேண்டும். இருநூறு பெட்டி இருந்தால் தூங்காவிட்டாலும் பாதகமில்லை! விமானிகளின் சங்கங்கள் இந்த விலக்கை எதிர்த்து வழக்கும் தொடுத்தன, வாதமும் தொடுத்தன.

வருணாசிரமத்தை மண்ணில் மட்டும் கண்டிருந்தோம். வானத்திலும் ஒன்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

காக்ஸ் பஜாருக்கே திரும்புவோம். சிட்டகாங் போகாமல் ஏன் திரும்பினார் அந்த விமானி? பதற்றமா? ஒற்றை எஞ்சினில் 50 மைல் பறக்க நெஞ்சு துணியவில்லையா? பைக்குள் குறைந்துகொண்டிருந்த காற்றும் மனத்தின் ஒரு மூலையில் இருந்ததா? அவரைக் கேட்க வழியில்லை. ஆனால் விமானத்தை வைத்திருந்தவர்களைக் கேட்கலாம்: ஒற்றை எஞ்சினில் இறங்கும் பயிற்சியைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? சரக்கு செத்தாலும் சரி, நல்ல வசதியுள்ள நிலையத்துக்குப் போய்விடு என்று எழுத்தில் உத்தரவு தந்திருந்தீர்களா? அப்படிப் போயிருந்தால், செத்த குஞ்சின் நட்டத்தை யார் கணக்கில் எழுதியிருப்பீர்கள்?