அம்மாவின் சீட்டுப் பணம்

மாரிக்குப்பம் பாசஞ்சரில் வந்து இறங்கிய பையனின் சட்டைப்பையில் 30 ஆயிரம் ரூபாய் இருந்தது. அம்மா சீட்டு எடுத்த பணம். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டதிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் ஏராளமானோருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். நண்பரின் மகனான இவன் கல்யாண மண்டபங்களில் போட்டோகிராஃபருக்கு விளக்குப் பிடிக்கிறான். சொந்தக் கேமரா இருந்தால் கூலி உயரும். "மாமா, நீங்களும் கூட வாங்க" என்றான். எனக்குக் கேமரா தெரியும் என்று நம்புகிற ஒரே ஆள்.

டி.எஸ்.எல்.ஆர். வாங்க இது நல்ல காலம்தான். கேமராவுக்குள் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக்குத் தொழில்காரர்கள் மாறிவிட்டார்கள். 2020இல் வந்த உயர்ரக மாடலே அந்த வரிசையில் கடைசி என்று கேனன் நிறுவனத் தலைவர் 2021 இறுதியில் சொல்லிவிட்டார். பழையவை விற்பனைக்கு வந்து குவிகின்றன.

முதலில் பார்த்தது 18 ஆயிரத்துக்கு. பையனின் கண் பளபளத்தது. பில் இல்லை, சார்ஜர் இல்லை, அடியில் சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தது. திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்க இடமிருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் என்னோடு பேசவில்லை.

அடுத்தது காக்ஸ் டவுன். தெருவில் இறங்கினால் கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழும் கன்டோன்மென்ட் பேட்டை. விற்பவரும் கல்யாண போட்டோகிராஃபர். நிக்கான் டி7200, 2015இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். ஒரிஜினல் பில்லை முதலில் எடுத்து வைத்தார். எனக்குப் பாதி நிம்மதி.

எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தோம். இரண்டு கரும்புள்ளிகள். தூசிதான், துடைத்தால் போகும். கீறல் என்றால் திரும்பி நடந்திருப்போம். அந்தப் படத்தையே கம்ப்யூட்டரில் போட்டு ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்று பார்த்தார். நிக்கானில் அந்தக் கணக்கு படத்தோடேயே பதிவாகிறது. கேனனில் பொதுவாக அப்படி இல்லை. 96 ஆயிரம் சொச்சம்.

ஒன்றரை லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. "ஒரு கல்யாணத்துக்கு ரெண்டாயிரம்னா, இன்னும் 27 கல்யாணந்தானா?" பையன் வாய்விட்டே கணக்குப் போட்டான்.

"அது சாகிற தேதி இல்ல தம்பி. தாண்டியும் ஓடும், முன்னாடியே நின்னாலும் நிக்கும். அதுக்குத்தான் விலையைக் குறைச்சிருக்கேன்." வியாபாரி பேச்சு என்றாலும் பொய்யில்லை. வீடியோ ஓடிய மணிகள் இந்தக் கணக்கில் வராது என்பதையும் அவரே சொன்னார்.

பிரச்சினை லென்ஸில். 18-140 லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒருபுறம் அடித்து மறுபுறம் பார்த்தேன். ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. ஈரத்தில் மூடி வைத்தால் வருவது. இன்று படத்தில் தெரியாது. வளர்ந்தால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். போட்டோகிராஃபர் தானும் பார்த்துவிட்டு, "நான் கவனிக்கல சார்" என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது.

கேமராவை மட்டும் கேட்டோம். கூடவே அவரிடம் சும்மா கிடந்த பழைய 50 எம்.எம். டி வகை லென்ஸ். கேமராவுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் இதில் அது தானாக ஃபோகஸ் ஆகும். டி3000, டி5000 வரிசைகளில் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். ஆனால் மேடையில் குடும்பத்தோடு நிற்பவர்களை ஐம்பதில் அடக்குவது எப்படி?

"பின்னாலேயே போய்க்கிட்டிருக்கணும் மாமா. மண்டபத்துச் சுவர் வந்துடும்" என்றான். நாள் முழுவதும் அவன் சிரித்தது அப்போதுதான்.

24 ஆயிரத்துக்கு முடிந்தது. மீதி ஆறாயிரத்தில் ஒரு பழைய 18-55 தேடலாம். வெள்ளைத்தாளில் சீரியல் நம்பர், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்ட்ராப்பை மட்டும் அவர் கழற்றி வைத்துக்கொண்டார். கேட்க எனக்கு மனம் வரவில்லை. பையன் கேமராவைத் துண்டில் சுற்றி, அம்மா சாப்பாடு கொடுத்தனுப்பிய துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டான். மாரிக்குப்பம் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.