காணி கேட்கும்போது ஓடைக்கரையையும் கேட்போம்

ஐப்பசி மழை தொடங்கும் நாட்களில் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு சிறு பறவை வந்து சேருகிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்பது அதன் பெயர். சிட்டுக்குருவியிலும் சிறியது. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள் நிறம். ஓரங்களில் கறுப்புக் கோடு. காஷ்மீர மலைக்காடுகளில் மரப்பொந்தில் குஞ்சு பொரித்து, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் பறந்து வந்து, பங்குனி வரை இங்கு தங்குகிறது.

உலகில் இப்பறவைகளில் வளர்ந்தவை 10,000க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. அங்கே மரவியாபாரமும் மேய்ச்சலும் அது கூடு கட்டும் காட்டைத் தின்கின்றன. இங்கே காட்டோரமும், வீட்டுத்தோட்டமும், தேயிலை மலையின் நிழல்மரங்களும் அதற்குப் புகலிடம். அடிசம் துறவி மடத்தை ஒட்டிய தங்கமலைச் சரணாலயம் போன்ற காட்டுத் துண்டுகள் ஊவாவில் சொற்பமே. ஆகவே தோட்டத்து மரங்களை நம்பியே அது பிழைக்க வேண்டியிருக்கிறது.

வீடிழந்து நிற்பவரிடம் குருவிக் கதையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அப்பறவை வருகிற அதே ஐப்பசியில்தான். அந்த மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்களுக்கு மாற்றுக் காணி கிடைத்திருக்கவில்லை. உமாஓயா சுரங்கம் தோண்டப்பட்டபோது 2014 இறுதியிலிருந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன, பயிர் கருகியது. சுரங்கம் உறிஞ்சிய நீரை எந்த மரமும் திருப்பித் தராது. அப்படிச் சொல்லி எவரையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை.

ஆனால் இனிக் குடியேறப்போகும் இடத்தைப் பற்றிப் பேசலாம். புதிய வீட்டுத்திட்டம் என்றதும் முதலில் வருவது புல்டோசர். சரிவைச் சிரைத்து, சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஓடைக்கரைப் பற்றையையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பற்றையின் வேர்தான் மழைத்தண்ணீர் கரையை அரிக்காமல் தடுக்கிறது. அதே பற்றையில்தான் ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் அமர்ந்து, வாலை ஆட்டி ஆட்டிப் பூச்சி பிடிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் தேவையில்லை.

காட்டை அழித்தவர் என்று விறகு பொறுக்கும் அம்மாவைச் சுட்டிக்காட்டுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நாம் அதை ஏற்கவில்லை. இம்மலைகளைக் கோப்பிக்கும் பின் தேயிலைக்குமாக மொட்டையடித்தது வெள்ளைக்காரர் காலத்து முதலாளிகள். இன்றும் நிழல்மரம் வெட்டிய இடத்தில் யூக்கலிப்டஸை வரிசையாக நட்டுவிட்டு அதற்குக் 'காடு' என்று பெயர் சூட்டுகிறார்கள். கீழே பற்றை வளராத இடத்தில் பூச்சியும் குறைவு, பறவையும் குறைவு.

எனவே காணிக் கூட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் உறுதிப்பத்திரத்தோடு மூன்று விடயங்களையும் கேட்க வேண்டும் என்பது எமது கருத்து. வரைபடத்தில் ஓடையின் இருகரையிலும் வெட்டாத பட்டி குறிக்கப்பட வேண்டும். அது எவருடைய பொறுப்பு என்று எழுதப்பட வேண்டும். புல்டோசர் வருமுன் நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இட வேண்டும். மரக்கறிப் பாத்திக்கு மருந்தடிப்பவர்கள் பட்டியின் பக்கம் தெளிக்காமல் விட்டால் நல்லது. குடிக்கும் தண்ணீரும் அந்த ஓடையில்தானே வருகிறது.