கம்பத்தின் மேல் ஒரு ஜீவனம்

இலங்கையின் தென்கரையில், காலிக் கோட்டையைக் கண்டு களித்த உல்லாசப் பிரயாணிகள் அடுத்து நாடுவது கொக்கல, வெலிகம கடலோரங்களை. அலைகளுக்கிடையே நட்ட ஒற்றைக் கம்பத்தில், குறுக்குக் கட்டைமீது அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்கள் கண்கொள்ளாக் காட்சி! இரண்டாவது உலக யுத்த காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் இத்தொழில், 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பின் நலிந்துவிட்டது. இன்று பலர் கம்பமேறுவது மீனுக்காக அல்ல. படம் பிடிப்போர் தரும் காசுக்காகவே. ‘வெறும் வேஷம்’ என்று முகஞ்சுளிப்போர் உண்டு. வேஷந்தான், ஆனால் பசி வேஷமா? கொளுத்தும் வெயிலில், கட்டைமேல் உட்காருவதும் உழைப்பே. விரும்பிப் படம் எடுப்பவர், பேரம் பேசாமல் காசைக் கொடுப்பதே முறை. அது பிச்சையல்ல, கூலி.