தகப்பன் சம்பளம் ஏறினால் பிள்ளைக்கும் ஏறட்டும்



குழந்தைகளுக்கான ஜீவனாம்சத் தொகை, உத்தரவு போட்ட நாளோடு அப்படியே நின்றுவிடுகிறது. என் மகளுக்கு 2019-இல் குடும்ப நல நீதிமன்றம் மாதம் 4,000 ரூபாய் நிர்ணயித்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. இப்போது எட்டாம் வகுப்பு, தொகை அதேதான். அவள் தகப்பனாருக்கு அரசு வேலை. ஜனவரி, ஜூலை என அகவிலைப்படி உயர்கிறது, நடுவில் பதவி உயர்வும் வந்தது.

கூட்டிக் கேட்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆவது பிரிவு. ஆனால் மறுபடி மனு, மறுபடி வக்கீல் ஃபீஸ், மறுபடி வாய்தா. இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்கச் சொல்லும் சட்டம், இந்த மனுவுக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.

கூட்டிக் கேட்டு நானும் மனு போட்டேன். அதில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த சம்பளச் சீட்டைப் பார்த்து அதிர்ந்துபோனேன். மொத்தச் சம்பளம் கூடியிருக்கிறது; கைக்கு வருவதோ குறைந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கடன், சேமநல நிதிக்கு அவராக விரும்பிக் கட்டும் கூடுதல் தொகை என்று வரிசையாகப் பிடித்தம். வருமான வரியைக் கழிக்கட்டும், அது கட்டாயம். நான் மனு போட்ட பிறகு அவர் வாங்கிய கடனையும் பிள்ளையின் பங்கில் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2023-இல் அதே நீதிமன்றம் குறைபட வேண்டியிருந்தது. பின்பற்றினாலும், வழக்கு முடிந்த பிறகு ஏறும் சம்பளத்தை யார் கேட்பது?

வேலை இழந்த தகப்பன்மார்கள் பாடும் இதுதான். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதற்காக உத்தரவு தானாகக் குறையாது. மனு போடாமல் இருந்தால் நிலுவை ஏறி வாரண்ட் வரை போகும்.

2025 மே மாதம் ஒரு வழக்கில், மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் நிர்ணயித்த உச்ச நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டித் தரவும் சொன்னது. அதேபோல ஒரு வரியைக் குழந்தைகளுக்கான ஒவ்வொரு உத்தரவிலும் எழுத என்ன தடை? ஆண்டுதோறும் சம்பளமும் வரிப் பிடித்தமும் காட்டும் ஃபார்ம் 16-ஐ நீதிமன்றத்தில் கொடுக்கச் சொல்லலாம். கூட்டவோ குறைக்கவோ கேட்கும் மனுக்களுக்கும் அதே 60 நாள் கெடுவை வைக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் தமிழக அரசும் அடுத்த கல்வியாண்டுக்குள் இவற்றைச் செய்ய வேண்டும்.

ஒரு தாய்,
திருப்பூர்.